பச்சைச் சீட்டு

அந்த மருத்துவமனையில் யாரும் அடி வாங்குவதில்லை. அங்கே சம்பவம் மட்டும்தான் நடக்கும்.

அவசரப் பிரிவு சிஸ்டருக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. மழை பெய்த ஒரு முற்பகலில், அண்ணன் இறந்துவிட்டார் என்று ஒரு தம்பியிடம் அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் கை அவளுடைய இடது காதின் மேல் விழுந்தது. கண்ணாடி உடைந்தது. காதுக்குள், வெகு தூரத்தில் யார் வீட்டு அடுப்பிலோ, ஒரு கெட்டில் விசில் அடிக்கத் தொடங்கியது. இன்றுவரை யாரும் அதை இறக்கி வைக்கவில்லை. "அறைந்தார்" என்று அவள் எழுதிக் கொடுத்த புகாரை அலுவலகம் "கை வழியாக ஒரு சம்பவம் நேர்ந்தது" என்று திருத்தி, கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பியது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் பாராட்டு விழா வைத்தார்கள். துணைக் கண்காணிப்பாளர் பேசினார். அவர் டாக்டர்தான். ஆனால் ஒரு நோயாளியைக் கடைசியாகத் தொட்டுப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

"இவங்களைப் பாருங்க," என்றார். "அவ்வளவு பெரிய சம்பவம் நடந்தப்பவும் கையில இருந்த ஃபைலை இவங்க கீழ விடல. ஒரு கசங்கல் கிடையாது. நமக்கு ஃபைல் முழுசா கிடைச்சுது!"

எல்லோரும் கைதட்டினார்கள். இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் ஏன் தட்டவில்லை என்று அவள் யோசித்தாள். பிறகுதான் காது நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு, மரணச் செய்தி சொல்லப் போகும்போதெல்லாம் அவள் புதுக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். உடையக் கூடாது என்பதற்காகத்தான். மற்றவர்களும் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஒருத்தி கம்மலைக் கழற்றிவிட்டுப் போவாள். ஒருவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் மாவுக்கட்டுக்காரர், எல்லோரும் 'மாவு' என்றே கூப்பிடுபவர், கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்காமல் பேசுவார். "என் கை உடைஞ்சா நானே கட்டிக்குவேன் தங்கச்சி. ரெண்டும் உடைஞ்சாதான் சிக்கல்," என்பார்.

கண்ணாடி இல்லாமல் பார்த்தால் முகங்கள் மழைத் தண்ணீரில் கரைந்த சுவரொட்டி மாதிரி இருக்கும். கண் எது, வாய் எது என்று தெரியாது. அந்த வாயில்லாத இடத்திலிருந்து சத்தம் மட்டும் வரும். வேலை நேரத்தில் இது வசதியாகத்தான் இருந்தது. வீட்டில்தான் தொந்தரவு. துணி மடிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த முகங்கள் வந்து, கண் மூக்கு எதுவும் இல்லாமல், அவள் பக்கத்தில் பொறுமையாக நின்றன.

சம்பவத் தடுப்புக் குழு அமைக்கப்பட்டதும் முதல் காரியமாக அவளுடைய கண்ணாடி முறையை ஆராய்ந்து, எல்லாப் பணியாளர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. கண்ணாடி அணியாதவர்கள் கண்களைப் பாதி மூடிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை சொன்னது.

அடுத்து, எறியக்கூடிய பொருட்கள். நடைபாதையில் இருந்த நாற்காலிகளை எடுத்தார்கள், ஒரு முறை ஒரு நாற்காலி பறந்திருந்தது. நின்றுகொண்டே காத்திருந்த உறவினர்களுக்குக் கால் கடுத்துக் கோபம் கூடியது. அவர்கள் அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதாகவும், பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறுவதாகவும் குழு கண்டுபிடித்தது. கடிகாரத்தையும் எடுத்தார்கள். பணியாளர்களின் மன அழுத்தம் தீர ஒரு நிபுணர் வந்து, உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொள்ள ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்துவிட்டுப் போனார். பந்து எறியக்கூடிய பொருள் என்பதால் மறுநாளே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

குழுவின் பெரிய கண்டுபிடிப்பு அதற்கப்புறம் வந்தது. நடந்த நாற்பத்தொரு சம்பவங்களில் முப்பத்தெட்டு, மரணச் செய்தி சொன்ன பத்து நிமிடத்துக்குள் நடந்திருந்தன. துணைக் கண்காணிப்பாளர் மேஜை மிதந்து போய்விடும் என்று பயப்படுபவர் போல இரண்டு கைகளையும் அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு பேசினார்.

"இப்ப நமக்குத் தெளிவா தெரிஞ்சுபோச்சு. நோயாளி இறக்கிறதுல ஒரு பிரச்சனையும் இல்ல. சொல்றதுலதான் பிரச்சனை. சொல்லாத மரணத்தால இதுவரைக்கும் ஒரு பணியாளருக்குக்கூட சம்பவம் நடந்தது கிடையாது."

அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

புது முறை வந்தது. இனி டாக்டரோ நர்ஸோ யாரும் உறவினரிடம் எதுவும் சொல்லக் கூடாது. என்ன கேட்டாலும் அங்கீகரிக்கப்பட்ட ஒரே பதில், "பார்த்துக்கிட்டு இருக்கோம்." நோயாளியைப் போய்ப் பார்ப்பதும் நிறுத்தப்பட்டது. மரணத்தை, செய்தி அறை என்று புதிதாக ஒதுக்கிய ஓர் அறையில் வைத்து, இரண்டு காவலர்கள் முன்னிலையில், செய்தி அறிவிப்பு அலுவலர் மட்டுமே சொல்ல வேண்டும். அந்தப் பதவிக்கு முன் அனுபவம் உள்ளவராகப் பார்த்துப் போட்டார்கள். சிஸ்டரைவிட அனுபவம் உள்ளவர் யார்?

"எதுக்கு நான் சார்?" என்று அவள் கேட்டாள்.

"உங்களுக்கு ஏற்கெனவே ஒரு காது போயிடுச்சு இல்லையா," என்றார் துணைக் கண்காணிப்பாளர் அன்போடு. "புதுசா ஒருத்தரை அனுப்பினா நமக்குப் புதுசா ஒரு காது நஷ்டம்."

உறவினர் ஒவ்வொருவருக்கும் நோயாளியைச் சேர்க்கும்போதே ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்தில் பதினான்கு கேள்விகள். குரல் எப்படி, உள்ளங்கை எவ்வளவு அகலம், கடைசியாக எப்போது தூங்கினார், கையில் என்ன வைத்திருக்கிறார். ஆபத்தானவருக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், சாதுவுக்குப் பச்சை. சிவப்புக்காரரைக் காக்க வைத்தால் ஆபத்து கூடும் என்பதால் அவருக்கு உடனே சொல்லிவிட வேண்டும். மஞ்சளுக்கு அன்று மாலைக்குள். பச்சைக்குக் காவலர்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது.

காவலர்கள் இரண்டே பேர், பெரிய மலை, சின்ன மலை. பெரிய மலைக்கு மூச்சிரைப்பு. சின்ன மலைக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம். பஞ்சு அடைத்த கவசத்தை மாட்டவே அரை மணி நேரம் ஆகும். சிவப்பு முடிந்து மஞ்சள் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பச்சைக்கு ஓய்வு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

எனவே பச்சைச் சீட்டு நோயாளிகள், இறந்தபின், பழைய துணிக் கிடங்குக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே இரண்டு குளிர்சாதனங்களைப் பொருத்திக் காத்திருப்பு வார்டு என்று பலகை மாட்டினார்கள். உறவினரிடம் சொல்லாதவரை மரணம் முழுமை பெறுவதில்லை என்பது விதி என்பதால், கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையை நாள்தோறும் நிரப்ப வேண்டியிருந்தது. நாடி என்ற கட்டத்தில் சிஸ்டர் ஒரு சின்னக் கோடு போட்டாள். நிலைமை என்ற கட்டத்தில் "மாற்றமில்லை" என்று எழுதினாள். தரை துடைக்கும் அம்மா கட்டில்களுக்கு அடியில் துடைப்பத்தை விடும்போது, "காலை மேல வெச்சுக்கோங்க சாமி," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

அந்த வார்டுக்குள் மட்டும் கெட்டில் சத்தம் நின்றுவிடுவதைச் சிஸ்டர் கவனித்தாள். அதனாலேயே அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றாள்.

வீட்டில் கணவன், "சாப்பாடு ஆயிடுச்சா?" என்று கேட்டால், "பார்த்துக்கிட்டு இருக்கோம்," என்றாள். மகள் மதிப்பெண் அட்டையோடு வந்தபோது கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கதவருகே போய் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"அம்மா," என்றாள் மகள் பயந்துபோய், "நான் பாஸ்தாம்மா."

*

டப்பாக்கார அம்மா வந்தது அந்த மாதத்தில்தான். வயது அறுபதுக்கு மேல். கணவரை மூச்சுத் திணறலோடு சேர்த்திருந்தார். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே தண்ணீரில் கணவருடைய பல்செட். படிவம் நிரப்பிய எழுத்தர் "கையில் உள்ள பொருள்: பற்கள்" என்று எழுதிவிட்டதால் விஷயம் குழுவரை போனது. கடிக்கும் வாய்ப்பு உண்டா என்று ஆராய்ந்து, உரியவர் வாயில் இல்லாததால் குறைவு என்று முடிவு செய்து, பச்சைச் சீட்டு கொடுத்தார்கள்.

கணவர் இரண்டாம் நாள் காலை இறந்துபோனார். காத்திருப்பு வார்டில் நாலாவது கட்டில்.

அந்த அம்மா நடைபாதையில் தினமும் அதே தூணில் சாய்ந்து நின்றார். காலையில் குழாயடிக்குப் போய் டப்பாத் தண்ணீரை மாற்றுவார். சிஸ்டரைப் பார்த்தால் சிரிப்பார்.

"எப்படி இருக்காரும்மா?"

"பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"நல்லா பாருங்க. ராத்திரி போர்வையை உதைச்சுத் தள்ளிடுவார், அதை மட்டும் இழுத்து விடுங்க."

நாலாவது கட்டிலின் போர்வை சிஸ்டர் இழுத்துவிட்டபடியேதான் இருந்தது. ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இதற்கிடையே நடைபாதையில் நிற்பவர்கள் தாங்களாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். சிவப்புச் சீட்டுக்காரர்கள் செய்தி அறைக்குள் போகிறார்கள், அழுதுகொண்டு வருகிறார்கள். மஞ்சளும் அப்படித்தான். பச்சைச் சீட்டுக்காரர்களில் ஒருவர்கூட அந்த அறைக்குள் போனதில்லை. அப்படியென்றால் பச்சை ராசியானது. ஒரு பூட்டுக்காரர், தங்கையைச் சேர்த்திருந்தவர், தன் பச்சைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்து ஊசி குத்தியிருந்தார். யாராவது குரலை உயர்த்தினால் மற்றவர்கள், "சத்தம் போடாதப்பா, சீட்டை மாத்திடப் போறாங்க," என்று அடக்கினார்கள். சம்பவங்கள் குறைந்தன. துணைக் கண்காணிப்பாளர் நடைபாதை வழியாகப் போகும்போது அந்த அமைதியைப் பூந்தோட்டத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் டப்பாக்கார அம்மா சீட்டை நீட்டிக் காட்டினார். வியர்வையில் பச்சை வெளுத்திருந்தது.

"சாயம் போயிடுச்சும்மா. வேற குடுப்பீங்களா? பச்சைன்னா நல்லதுதானே?"

அங்கீகரிக்கப்பட்ட பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. சிஸ்டர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சொல்லியிருக்கலாம். அறைக்கு வெளியே சொன்னால் அது தூண்டப்பட்ட சம்பவம், சொன்னவருக்கு வேலை போகும் என்பது உண்மைதான். ஆனால் வேலை மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும். விதி அவளுக்கு வசதியாக இருந்தது. வேறு எதுவும் அவளை அவ்வளவு அலைக்கழிக்கவில்லை.

ஏழாம் நாள் அந்த அம்மா டப்பாவையே நீட்டினார். "இதை அவர்கிட்ட குடுத்துடும்மா. பல்லு இல்லாம அவர் பேசினா என்னைத் தவிர யாருக்கும் புரியாது. தண்ணி கேட்டாக்கூட உங்களுக்குத் தெரியாது."

சிஸ்டர் வாங்கிக்கொண்டு போய் நாலாவது கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். உள்விழுந்த அந்த வாய் ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டது போல இருந்தது.

மறுநாள் காலை தூணருகே அவள் வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

"போட்டுக்கிட்டாரா?"

"பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"பேசினாரா? என்ன சொன்னார்?"

சிஸ்டர் பாதி ஓட்டமாக நடந்து மாவு இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மாவு யாருடைய முழங்காலுக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, அடிக்க வந்தாங்களா?"

"இல்லண்ணே. சிரிக்கிறாங்க."

மாவு கையைத் துடைக்காமல் அவளைப் பார்த்தார். "அப்ப அது கஷ்டம்தான்," என்றார். "அதுக்குக் கட்டு கிடையாது."

*

ஒன்பதாம் நாள் அவள் துணைக் கண்காணிப்பாளரைப் போய்ப் பார்த்தாள்.

"சார், நாலாவது கட்டில். ஒரு வாரமாச்சு. அந்தம்மாவுக்கு இன்னைக்குச் சொல்லிடலாம் சார்."

அவர் கோப்பைப் புரட்டினார். "பச்சைதானே? என்ன அவசரம்? அவங்க ஏதாவது செஞ்சாங்களா?"

"ஒண்ணும் செய்யல சார்."

"கத்தினாங்களா? கதவைத் தட்டினாங்களா?"

"தூண்கிட்ட நிக்கிறாங்க. அவ்வளவுதான்."

"பாருங்க சிஸ்டர்," அவர் கைகள் மேஜையை அழுத்தின. "ஒண்ணுமே செய்யாதவங்களுக்கு நாம என்ன செய்ய முடியும்? ஒரே ஒரு சம்பவம் இருந்தா அஞ்சு நிமிஷத்துல சிவப்பு போட்டுச் சொல்லிடலாம். சம்பவம் இல்லாம நான் எந்த அடிப்படையில கையெழுத்துப் போடுறது? சாதுவா இருக்கிறவங்களுக்கு எல்லாம் உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் குழு எதுக்கு?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பதில் தெரியாமல்தான் கேட்டார்.

சிஸ்டர் நடைபாதைக்கு வந்தாள். டப்பாக்கார அம்மா தூணில் சாய்ந்திருந்தார். டப்பா இல்லாத கைகள், என்ன செய்வதென்று தெரியாமல், முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. பழக்கத்தில் சிஸ்டரின் கை கண்ணாடிக்குப் போனது. பாதி வழியில் நின்று கீழே இறங்கியது.

"அம்மா," என்றாள், "என்னை ஒரு அடி அடிங்க."

"என்னம்மா சொல்றே?"

"கன்னத்துல. ஒரே ஒரு அடி. வலது பக்கம். அடிச்சாதான் சீட்டை மாத்துவாங்க."

"பச்சையை எதுக்கும்மா மாத்தணும்? பச்சை நல்லதுதானே..."

அந்த வாக்கியம் அங்கேயே நின்றது. சிஸ்டர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு ஒரு முகத்தை முழுதாகப் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. மேலுதட்டின் மேல் வியர்வை. கண்கள் முதலில் அவள் கண்ணாடியைப் பார்த்தன, பிறகு அவளைப் பார்த்தன. பிறகு எதையும் பார்க்கவில்லை.

"எப்போ?"

"நீங்க வந்த ரெண்டாம் நாள். காலையில."

"காலையில," என்றார் அந்த அம்மா. "நேத்து பல்லு வாங்கிட்டுப் போனியே."

"முந்தாநாள்."

"வாங்கிட்டுப் போனியே."

அவர் கை மெதுவாக வந்து சிஸ்டரின் கண்ணாடியைப் பிடித்தது. "கழட்டிடு. உடைஞ்சிடும்."

"இருக்கட்டும்மா."

அந்த அம்மா அடித்தார். அது ஒப்புக்கு அடித்த அடி இல்லை. ஒரு வாரத்துத் தண்ணீர் மாற்றலும், இழுத்துவிடச் சொன்ன போர்வையும், புதுச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் அதில் இருந்தன. கண்ணாடி காதில் தொங்கி ஆடியது, விழவில்லை. சிஸ்டர் ஃபைல் எதையும் கையில் பிடித்திருக்கவில்லை.

பெரிய மலையும் சின்ன மலையும் கவசம் மாட்டி வருவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை இருவரும் தூணருகே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சிவப்புச் சீட்டு எழுதப்பட்டது. செய்தி அறையில் சிஸ்டர் அறிவிப்பை வாசித்தாள். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அவர் பல்லைக் குடு," என்றார்.

*

மறுநாள் காலை சிஸ்டர் வேலைக்கு வந்தபோது நடைபாதையில் ஒரு வரிசை நின்றது.

தூணில் தொடங்கி, குழாயடியைத் தாண்டி, படிக்கட்டுவரை போயிற்று. எல்லோர் கையிலும் பச்சைச் சீட்டு. சிலர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டிருந்தார்கள். ஒரு பெண் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள், குத்திவிடக் கூடாதென்று. முந்தின நாள் அந்தத் தூணருகே நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அடிக்கச் சொன்னால் என்ன பொருள் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

துணைக் கண்காணிப்பாளர் வந்தார். வரிசையைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வரிசையில நிக்கிறாங்களே!" என்றார். "யாரும் சொல்லாமலேயே! இதுக்குத்தான் குழு வேணும்ங்கிறது." உடனே கீழே போய், சம்பவ நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை என்று அறிவிப்புத் தயாரிக்கச் சொன்னார்.

முதலில் நின்றது ஒரு தையல்காரர். அவர் மனைவி மேல்மாடியில் இருந்தாள். அவர் கையை உயர்த்தவில்லை, உயர்த்தலாமா என்று கேட்பது போல விரல்களை மட்டும் அசைத்தார்.

"நீங்க வேண்டாம்," என்றாள் சிஸ்டர் சட்டென்று. "காலையில பால் குடிச்சாங்க. உங்களைத்தான் கேட்டாங்க. நீங்க அடிக்க வேண்டாம்."

தையல்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் அவரைத் தாண்டி ஓரடி முன்னால் வந்தார்கள். யாரும் அவரைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை என்று சொல்ல முடியாது.

அடுத்தது பூட்டுக்காரர். சட்டைப்பையில் ஊசி குத்தி வைத்திருந்த சீட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தாடையில் சவரக் கத்தி கீறிய புதுக் காயம் ஒன்று சிவந்திருந்தது. அவருடைய தங்கை காத்திருப்பு வார்டில் ஏழாவது கட்டில்.

"சிஸ்டர்," என்றார் தாழ்ந்த குரலில், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி. "நான் அடிக்கணுமா?"

சிஸ்டரின் காதில் கெட்டில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைச் சரியாக ஏற்றிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வலது கன்னத்தை மெல்லத் திருப்பிக் காட்டினாள்.